பிறர் உதவியின்றி

சிரம்பான் பெரியாஸ்பத்திரியில்
ஆறு மாதத்துக்கொரு தாள் தருவார்கள்.
பிறர் உதவியின்றி உங்களால்
சட்டைப் பொத்தான் போட முடிகிறதா
குழாயைத் திறந்து மூட முடிகிறதா
இறுகிய போத்தல் மூடியைத் திறக்க முடிகிறதா.
சிரமமில்லை, கொஞ்சம் சிரமம், அதிக சிரமம், முடியாது.
நாலு கட்டம்.
ஏதாவது ஒன்றில் கோடு.

பகாவிலிருந்து முதல் பஸ் ஆறு மணிக்கு.
நான் எழுவது மூன்றரைக்கு
விரல்கள் எழுவது ஐந்துக்கு.
இடையில் ஒன்றரை மணி நேரம்
யாருடைய கையோ
என் மடியில் கிடக்கிறது.

நாற்பத்தோராம் வயதில் வந்தது.
நர்சரியில் பாலிபேக்கில் மண் நிரப்பும்போது
ஒரு செம்பனைக் கன்று நழுவியது.
அப்புறம் தினம் ஒன்று.
அப்புறம் தினம் பத்து.
மண்டோர் சம்பளத்தில் கழித்தார்.
கத்தரிக்காய் ஆகாது என்றாள் நாத்தனார்.
கோயிலில் ஒருத்தி
'இது கிழவிங்களுக்குத்தானே வரும்' என்று
என் வயதை மனசுக்குள் திரும்ப எண்ணினாள்.

லயத்தை உடைத்துக் கொடுத்த அடுக்குவீடு.
நாலாம் மாடி.
லிஃப்ட் வரவேண்டிய குழியில்
யாரோ சைக்கிள் கட்டியிருக்கிறார்கள்.
அறுபத்து நாலு படி.
மழைநாளில் எண்பதாகிவிட்டதோ என்று
ஒருமுறை எண்ணியும் பார்த்தேன்.
அறுபத்து நாலுதான்.

எட்டு மாதம் வேலைக்குப் போகவில்லை, கீழேயே இறங்கவில்லை.
மகள் லோஷினி
தம்ளரைப் பிடுங்கினாள், துடைப்பத்தைப் பிடுங்கினாள்,
'விடும்மா, நான் செய்றேன்.'
பாசம்தான், தெரியும்.
பிடிக்க ஒன்றுமில்லாத விரல்கள்
பிடிப்பதையே மறந்தன.
காலை விறைப்பு இரண்டு மணி நேரமாக நீண்டது.
ஒருநாள் கோப்பி தம்ளருக்காக
இருவரும் கத்திய கத்தலில்
எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

காக் ரொஹானா எதுவும் கேட்கவில்லை.
மறுநாள் அவர் புருஷன், பைப் வேலைக்காரர்,
வந்து உருண்டைத் திருகைக் கழற்றிவிட்டு
நீட்டுப்பிடி ஒன்றை மாட்டினார்.
முழங்கையால் தட்டினால் தண்ணீர்.
பதினோரு ரிங்கிட் சாமான்.
கூலி வேண்டாமென்றார்,
லோஷினி சுட்ட முறுக்கை மட்டும்
டின்னோடு கொண்டுபோனார்.

புதுக் கிராணி சாந்தகுமாரி ஆள் அனுப்பினாள்,
மண் நிரப்ப வேண்டாம், வந்து கன்று எண்ணு.
எண்ணினேன்.
பேனா நழுவியது.
பங்களாதேசி ஷஃபிக் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி
பேனாவைச் சுற்றித் தடியாக்கினான்.
அவனுக்கும் எனக்கும் பொதுவாக
இருபது மலாய்ச் சொல் இருக்கும்.
அதில் ஒன்றைக்கூடச் செலவழிக்காமல்
தினமும் காலையில் என் ஃபிளாஸ்க் மூடியைத் திறந்து
முறுக்காமல் மேலே வைத்துவிட்டுப் போவான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆறு மஞ்சள் மாத்திரை.
சனிக்கிழமை முழுக்கக் குமட்டல்.
லோஷினி கஞ்சி வைப்பாள்.
இப்போதெல்லாம் பிடுங்குவதில்லை, கேட்கிறாள்,
'இன்னைக்கு எதும்மா உன்னோடது, எது என்னோடது?'
சில நாள் துணி மடிப்பது என்னுடையது.
சில நாள் ஒன்றுமே இல்லை,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன தடவை ரத்தத்தில் வீக்கக் கணக்கு இறங்கியிருந்தது.
டாக்டர் சொன்னார், மருந்து நல்லா வேலை செய்யுது.
செய்கிறதுதான்.
இந்தப் பேனாவை மட்டும்
அவர் கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்தார்.

குழாய், சிரமமில்லை
என்று கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.
தாளின் தலைமாட்டில் இருக்கிறதே,
பிறர் உதவியின்றி.
ஒரு ஸ்பேனரும் ஒரு மத்தியானமும்
என் முழங்கைக்குள் இருப்பதை
எந்தக் கட்டத்தில் போடுவது?
நர்ஸ் பெயரைக் கூப்பிட்டுவிட்டாள்.
அழிக்காமலே கொடுத்தேன்.

போத்தல் மூடிக்கு எப்போதும்போல் முடியாது.
எங்கள் வீட்டில் இறுகிய மூடியே கிடையாது.
ஊறுகாய், உப்பு, தேங்காயெண்ணெய்,
எல்லாம் சும்மா மேலே உட்கார்ந்திருக்கும்.
சீனி டப்பாவில் எறும்பு.
தட்டிவிட்டுப் போட்டுக் குடிக்கிறோம்,
நாலு வருஷமாக.